வறண்ட ஊரில் பெரணி வளர்க்க: முதன்முறை நடுகிறவர்களுக்குச் சில படிகள்

முதல் வருடம் எனக்கு 2,800 ரூபாய் கைவிட்டுப் போனது. நட்ட பதினொரு பெரணிகளில் (ஆங்கிலத்தில் ஃபெர்ன் என்பார்களே, அதுதான்) மே மாதக் கடைசியில் பச்சையாக நின்றது ஒன்றுகூட இல்லை. அதைவிட வெட்கமான செய்தி, அவற்றில் சில செத்தே போகவில்லை. உறங்கிக்கொண்டிருந்தவற்றைச் செத்ததாக எண்ணிப் பிடுங்கி, துவைக்கும் கல்லுக்குப் பின்னால் எறிந்திருக்கிறேன். ஐப்பசி மழை நான்கு நாள் பெய்ததும் அந்தக் குப்பைக்குள்ளிருந்து ஒரு தளிர், நாய்வால் போலச் சுருண்டு எழுந்து நின்றது. அன்றுதான் இந்தச் செடியை நான் புரிந்துகொள்ளவே இல்லை என்பது உறைத்தது.

இருப்பது மதுரையில். ஆண்டு மழை 850 மி.மீ. அளவு, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். பெரணி என்றதும் எல்லோருக்கும் குற்றாலச் சாரலும் கொடைக்கானல் மூடுபனியும் நினைவுக்கு வரும். பெரணி இனம் பெருக ஈரம் வேண்டும் என்பது உண்மை. அதன் ஆணணு நீரில் நீந்தித்தான் முட்டையணுவை அடைகிறது. ஆனால் வளர்ந்து வேர்பிடித்த செடியின் கதை வேறு. பாறை இடுக்கிலும் பாழுங்கிணற்றுச் சுவரிலும் வருடத்தில் எட்டு மாதம் வறண்டு கிடந்து பிழைக்கும் பெரணிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்து, உரிய இடத்தில், உரிய மாதத்தில் நட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதைக் கற்க எனக்கு இரண்டு கோடை ஆயிற்று. உங்களுக்கு ஆக வேண்டாம்.

1. முதலில் நிழலை அளவெடுங்கள்

செடி வாங்கக் கிளம்பாதீர்கள். முதல் செலவு ஒரு சாக்பீஸ் மட்டும்.

வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: பெரணியை வீட்டின் வடபுறம் வையுங்கள், அங்கேதான் நிழல். நானும் நம்பினேன். டிசம்பரில் வடக்குச் சுவரோரம் பார்த்தபோது நாள் முழுக்க நிழல்தான். நட்டேன். மே மாதம் நண்பகலில் அதே இடத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

காரணம் எளிது. மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குத் தெற்கே இல்லை. வடக்கே சாய்ந்து நிற்கிறது. கோடை முழுக்க வடக்குச் சுவர்தான் அடி வாங்குகிறது. சென்னைக்கும் இதே கணக்குதான், ஒன்றரை வாரம் முன்பின்னாக. லண்டனுக்குப் பொருந்துகிற நிழல் நமக்குப் பொருந்தாது.

எனவே கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை வெயில் பெரணிக்குக் கேடு செய்வதில்லை. உச்சி தாண்டியதும் வீடே நிழல் கொடுத்துவிடும். வருடம் முழுக்க இது மாறாது. சாக்பீஸால் தரையில் காலை 8, 11, பிற்பகல் 2, 4 மணிக்கு நிழலின் விளிம்பைக் கோடிட்டுப் பாருங்கள். 11 மணிக்குப் பிறகு நேர் வெயில் படாத இடம் கிடைத்தால் போதும். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். இரவு பத்து மணிக்குக்கூடக் கையை வைத்தால் சுடும்.

மரத்தடி என்றால் வேம்பு நல்லது. மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும் சித்திரைக்குள் தழைத்துவிடும். கத்திரிக்கு முன் குடை தயார். சரக்கொன்றையடியில் வைக்காதீர்கள். பூ அழகுதான். ஆனால் நமக்கு நிழல் தேவைப்படும் அதே வாரங்களில் அது இலையை உதிர்த்துவிட்டுப் பூத்துக் குலுங்கும்.

இன்னொன்று, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். பெரணி அதற்குள் காய்ந்தே போய்விடும். வெயிலைவிட இந்த வறண்ட காற்றில்தான் ஓலை நுனிகள் கருகுகின்றன. தென்மேற்கு மூலை திறந்திருந்தால் ஒரு பழைய கோணிப்படுதாவைக் கட்டிவிடுங்கள்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

நான் தோற்றதற்கு வெயில் பாதிக் காரணம் என்றால் மறுபாதி தண்ணீர்.

வீட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழிக்கிற தண்ணீர் வீணாகிறதே என்று அதைக் குழாய் போட்டுப் பெரணிக்கு விட்டேன். சிக்கனம் என்று பெருமை வேறு. சுத்திகரிப்பில் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு எல்லாம் அந்தக் கழிவில்தான் சேர்ந்து வருகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. மூன்று வாரத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டியது. ஓலை நுனிகள் பழுப்பாகி உள்நோக்கிக் காய்ந்து வந்தன. அந்தத் தண்ணீரைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். பெரணிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேனா அளவில் இருக்கும். எனக்கு 350 ரூபாய் ஆயிற்று. 500-க்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. 500 முதல் 1,000 வரை என்றால் மழைநீரோ ஏசி நீரோ கலந்து ஊற்றுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பெரணிக்கு விடாதீர்கள். இவை என் தோட்டத்தில் நான் கடைப்பிடிக்கும் அளவுகள்.

முறையான அறிக்கை வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் மண்ணோடு தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். கட்டணம் சிறு தொகைதான். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை அலசிவிட்டு, ஒரு லிட்டர் பிடித்து அன்றே கொடுங்கள். படிவத்தில் சர்வே எண் கேட்டார்கள். நான் பட்டா நகலை எடுத்துப் போகாமல் ஒருமுறை திரும்பி வந்தேன். நீங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். 'பயிர்' என்ற கட்டத்தில் பெரணி என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தவர் "இது கீரையா?" என்று கேட்டார். அழகுச்செடி என்று எழுதிவிடுவது சுருக்கமான வழி.

நல்ல தண்ணீருக்கு இரண்டு வழிகள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் குழாய் எப்படியும் இருக்கும். அதில் ஒரு கிளை பிரித்து மூடியுள்ள டிரம்மில் விடுங்கள். மூடி இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள், பெரணி அல்ல. இரண்டாவது, ஏசியிலிருந்து சொட்டும் நீர். இரவு முழுக்க ஓடினால் எனக்கு ஒரு வாளி நிறைகிறது. மீட்டரை விட்டுப் பார்த்தால் உப்பு அநேகமாக இல்லை. கோடையில் வெக்கை ஏற ஏற இந்த வாளியும் தவறாமல் நிறைவது பெரணியின் அதிர்ஷ்டம்.

3. நான்கே வகை போதும்

நர்சரியில் நூறு வகை பெயர் சொல்வார்கள். வறண்ட ஊரில் தொடங்குகிறவர் இந்த நான்கைத் தாண்ட வேண்டாம்.

மீன்முள் பெரணி. தாவரவியல் பெயர் நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. நடுநரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் மீன்முள் போல வரிசையாக இருக்கும். இதன் வேர்களுக்கிடையே கோலிக்குண்டு அளவில் உருண்டைக் கிழங்குகள் இருக்கும். அவற்றில் தண்ணீர் சேமித்து வைத்துக்கொள்கிறது. வாங்கும்போது தொட்டி மண்ணை விரலால் கிளறிக் கிழங்கு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் போஸ்டன் பெரணிக்குக் கிழங்கு கிடையாது. கடைக்காரர் இரண்டையும் 'போஸ்டன்' என்றே சொல்லி விற்பார். என் முதல் பதினொன்றில் ஆறு அப்படி வந்தவைதான்.

முடவாட்டுக்கால். கொல்லிமலையில் சூப்பு வைப்பார்களே, அதேதான். ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா. பழுப்பு மயிர் அடர்ந்த கிழங்குத்தண்டு ஆட்டுக்கால் போலவே இருக்கும். இதற்கு இரண்டு விதமான இலைகள் உண்டு. ஒன்று நீண்ட பச்சை ஓலை. மற்றொன்று சிறியது, கொஞ்ச நாளிலேயே காய்ந்து பழுப்புக் காகிதம் போல ஆகி, தண்டை ஒட்டிக் கிண்ணமாக நிற்கும். அந்தக் கிண்ணத்தில்தான் சருகும் தூசியும் விழுந்து மக்கி இதற்கு உணவாகிறது. காய்ந்த இலை என்று நினைத்து அதைப் பிய்க்காதீர்கள். நான் பிய்த்தேன். சாப்பிடுகிறவன் தட்டைப் பிடுங்கின கதை.

கிணற்றுச்சுவர்ப் பெரணி. இந்தப் பெயர் நான் வைத்தது. டெரிஸ் விட்டாட்டா என்பது அறிவியல் பெயர். சுண்ணாம்புக் காரை போட்ட பழைய கிணறு, கோயில் மதில், பாலத்தின் அடிப்பக்கம் எங்கும் தானாக முளைத்திருக்கும். சுண்ணாம்பு இதற்குப் பிடிக்கும் என்பதால் நம் கடின நீரையும் ஓரளவு தாங்கும். ஒரு எச்சரிக்கை: மண்ணில் ஆர்செனிக் இருந்தால் இது உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்ளும். ஆட்டுக்குப் போடவோ காய்கறித் தோட்டத்து உரத்தில் கலக்கவோ வேண்டாம்.

நான்காவது, ஆக்டினியோப்டெரிஸ். வடமொழியில் மயூரசிகா என்பார்கள். ஒரு சாண் உயரம்கூட வராது. பனையோலை விசிறியைப் பொம்மைக்குச் செய்துவைத்தது போல இருக்கும். வறட்சியில் விசிறியை மடக்கிக் குச்சியாகிவிடும். நனைத்தால் மறுபடி விரியும். தேடித்தான் பிடிக்க வேண்டும், எல்லா நர்சரியிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் மற்ற மூன்றோடு தொடங்குங்கள்.

மலையில் சுற்றுலா போன இடத்தில் மட்டும் பெரணி வாங்காதீர்கள். மெல்லிய கருங்காம்போடு மெய்டன்ஹேர் என்கிற பெரணி ஒன்றைக் காரின் பின்சீட்டில் குழந்தை போல வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்பதாம் நாள் காம்புகள் மட்டும் இருந்தன. மலைக்குளிரில் வளர்த்த செடி வத்தலக்குண்டு இறங்கும்போதே பாதி உயிரை விட்டுவிடுகிறது.

4. வாங்கும்போது: பில், அனுமதி, விலை

வாங்குவது சமவெளி நர்சரியில். பில் கேட்டு வாங்குங்கள். ஐம்பது ரூபாய்ச் செடிக்குப் பில்லா என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சிறுமலை, கொல்லிமலை என்று எங்கே போனாலும் பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்துப் பையில் போடாதீர்கள். சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தினால் காட்டுவதற்கு அந்தப் பில் ஒன்றுதான் இருக்கும்.

சூப்புக்கு விற்கிற முடவாட்டுக்கால் நடுவதற்கு உதவாது. பெரும்பாலும் நுனி வெட்டப்பட்டிருக்கும். தோல் சீவியதாகவும் இருக்கலாம். முளைப்பது அந்த நுனிதான். நர்சரியில் நுனியோடு, குறைந்தது ஒரு சாண் நீளத் துண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கிணற்றுச்சுவர்ப் பெரணியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டு மூன்று செடிகளை எடுத்துக்கொண்டேன். "அதைப் பிடுங்கிப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். சுவரிலிருந்து எடுக்கும்போது வேரோடு கொஞ்சம் காரையும் சேர்ந்து வரும்படி ஆணியால் நெம்புங்கள்.

வாடகை வீடென்றால் நிழல்வலைக்குச் சுவரில் கொக்கி அடிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கும். எங்கே தண்ணீர் கசியும் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. தொட்டிக்கு அடித்தட்டு வைப்பேன் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

பத்தடிக்கு நாலடி அளவுள்ள ஒரு பாத்திக்கு எனக்கு இரண்டாவது முறை ஆன செலவு இது. மீன்முள் பெரணி ஆறு, தலா 50 வீதம் 300. முடவாட்டுக்கால் இரண்டு துண்டு 200. செம்மண் ஆறு மூட்டை 360, இலைமக்கு நான்கு மூட்டை 600, தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று 200. மண் கலயம் மூன்று 210. நிழல்வலையும் கம்பும் கயிறுமாக 420. தேங்காய் மட்டை இலவசம், அதை ஏற்றிவந்த ஆட்டோவுக்கு 100. ஆக 2,390 ரூபாய். முதல் வருடம் வீணாக்கியதைவிடக் குறைவு.

5. பாத்தியைத் தயார் செய்தல்

ஆவணியில் தொடங்குங்கள். ஒரு அடி ஆழம் தோண்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பெரணி வேர் ஆழம் போகாது.

தேங்காய் மட்டைகளை இரண்டு நாள் ஊறவைத்து, குழியின் அடியில் ஒரு வரிசையாக, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள். தென்னந்தோப்பில் ஈரம் காக்கச் செய்கிற அதே வேலைதான். மழை பெய்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னத் தொட்டி. அதன் மேல் செம்மண் இரண்டு பங்கு, இலைமக்கு இரண்டு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு எனக் கலந்து நிரப்புங்கள். கிணற்றுச்சுவர்ப் பெரணி வைக்கும் மூலையில் மட்டும் பழைய சுண்ணாம்புக் காரையை நொறுக்கிப் போடுங்கள். சிமெண்டுக் கழிவைப் போடாதீர்கள்.

'அலசிய' என்று எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியில் உப்பு நிறைய இருக்கும். கடையில் விற்கும் மலிவுக் கட்டிகளில் இன்னும் அதிகம். பெரிய டிரம்மில் ஒரு இரவு ஊறப்போட்டு வடியுங்கள். முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். மூன்று முறையாவது மாற்றுங்கள். வடிகிற தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் எப்போது நிறுத்துவது என்று தெரிந்துவிடும். அந்த உப்புத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள், அது சந்தோஷமாகக் குடிக்கும்.

பச்சைச் சாணம், யூரியா, கோழி எரு எதுவும் வேண்டாம். பெரணியின் வேர் நூல் போல மெல்லியது; வெந்துவிடும்.

மண்ணை நிரப்பும்போதே கலயங்களைப் புதையுங்கள். மூன்று லிட்டர் பிடிக்கிற, வண்ணம் பூசாத மண் கலயம். கடையிலேயே தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்து வெளிப்புறம் தடவிப் பாருங்கள். கையில் ஈரம் பட்டால் வாங்குங்கள். வழவழப்பாகச் சுட்டது கசியாது. கழுத்து வரை புதைத்து, வாயைச் சிரட்டையால் மூடுங்கள். ஒரு கலயத்தின் ஈரம் சுற்றிலும் ஒன்றரை அடிக்குள் உள்ள செடிகளுக்கு எட்டும்.

6. நடும் நாள்

புரட்டாசிக் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் நட்டால், ஐப்பசியும் கார்த்திகையும் உங்களுக்காகத் தண்ணீர் ஊற்றும். தைக்குள் வேர் பிடித்துவிடும். தை மாதத்தில் பூச்செடிக் கண்காட்சி பார்த்த ஆசையில் நடுகிறவர்கள் அதிகம். அந்தச் செடி வேர் ஊன்றும் முன்பே வெயில் வந்துவிடும்.

மீன்முள் பெரணியை ஒன்றரை அடி இடைவெளியில், முன்பு தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். ஓலைகள் கிளம்பும் மையம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். இது ஓடுவேர் விட்டுப் பரவும் சாதி. பாத்தி ஓரத்தில் செங்கல்லைச் செங்குத்தாகப் பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் துளசி மாடம் வரை வந்து நிற்கும்.

முடவாட்டுக்காலைப் புதைக்கவே கூடாது. புதைத்தால் அழுகும். வேப்பமரத்தின் கவட்டிலோ, ஒரு கட்டையிலோ, தேங்காய் மட்டை மேலோ கிடத்தி நார்க்கயிற்றால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். நான்கைந்து மாதத்தில் அது தானே பற்றிக்கொள்ளும். கயிறு மக்கி விழும்.

நட்டதும் சருகு மூடாக்கு இரண்டு அங்குலம் போடுங்கள். செடியின் கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

7. முதல் வருடத் தண்ணீர்

வறட்சி தாங்கும் செடி என்றால் நட்ட நாளிலிருந்தே தாங்கும் என்று பொருளல்ல. இதில்தான் பலரும் விழுகிறார்கள். முதல் எட்டு வாரம் மண் ஈரமாகவே இருக்க வேண்டும். மழை இல்லாத நாளில் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். மார்கழி, தையில் மூன்று நாளைக்கு ஒருமுறை. மாசியிலிருந்து மேலே ஊற்றுவதைக் குறைத்துக் கலயத்தை நிரப்பத் தொடங்குங்கள்: மார்ச்சில் மூன்று நாளைக்கு ஒருமுறை, மே மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை. மூன்று கலயத்துக்கும் சேர்த்து ஒன்பது லிட்டர். நாற்பது சதுர அடிக்கு இவ்வளவுதான். பக்கத்தில் புல்தரை வைத்திருப்பவர் குழாயைத் திறந்துவைத்துவிட்டுச் செய்தித்தாள் படிப்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு இன்னும் இனிக்கிறது.

உப்புத் தண்ணீரால் கலயத்தின் நுண்துளைகள் அடைபடும். வருடத்துக்கு ஒருமுறை தோண்டியெடுத்து மழைநீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் எனக்கு எதுவும் உழைக்கவில்லை.

வெயிலில் 50 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலை போதும். மாசிக் கடைசியில் ஏழடி உயரத்தில் கட்டுங்கள். நெருக்கமான வலையைத் தாழக் கட்டிக் காற்றை அடைத்தால் உள்ளே புழுக்கம் ஏறி ஓலையில் பூஞ்சணம் வரும்.

8. கோடைத் தூக்கம்: காய்ந்ததைச் செத்ததாக எண்ணாதீர்கள்

பங்குனி பிறந்ததும் முடவாட்டுக்கால் ஓலையைக் கொட்டத் தொடங்கும். மயூரசிகா மடங்கிவிடும். மீன்முள் பெரணி பாதி ஓலையாவது பழுக்கும். பதறித் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உறங்குகிற கிழங்குத்தண்டைத் தினமும் நனைத்தால்தான் அது உண்மையிலேயே சாகும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. முடவாட்டுக்காலின் மயிரை விலக்கி நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே வெளிர்பச்சையாக, வெள்ளரிக்காயை நகத்தால் கீறியது போல ஈரம் தெரிந்தால் நலம். பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் போய்விட்டது. மீன்முள் பெரணிக்கு விரலை மண்ணுக்குள் விட்டுக் கிழங்கை அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம்; சுருங்கிய திராட்சை போல இருந்தால் அன்று மாலையே கலயத்தை நிரப்புங்கள். மயூரசிகாவை மாலையில் ஒருமுறை நனைத்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள்; விரியாவிட்டால் கவலைப்படலாம்.

காய்ந்த ஓலைகளை வெட்டாதீர்கள். அவை கவிழ்ந்து மண்ணுக்கு நிழல் தருகின்றன. பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கும். மே 4-இல் கத்திரி தொடங்குவதிலிருந்து அது முடியும் வரை என் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் "செடி போய்விட்டதா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

உரம் இந்த மாதங்களில் அறவே கூடாது. மழைக்காலத்தில் மட்டும், மாதம் ஒருமுறை, செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம்.

9. இலைக்குப் பின்னால் இருப்பது பூச்சி அல்ல

கார்த்திகையில் ஓலையைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் பழுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். நான் செதில்பூச்சி என்று முடிவு கட்டி, பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொரு ஓலையாகத் தேய்த்தேன். பிறகு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தேன். நான் தேய்த்தது பெரணியின் ஸ்போர் பைகளை, அதாவது விதைக்குப் பதிலாக அது பெருகப் பயன்படும் தூள் இருக்கும் பைகளை. எண்ணெய் பட்ட ஓலைகள் மறுநாள் வெயிலில் வதங்கின.

பொட்டுகள் ஒரே அளவில், ஒழுங்கான வரிசையில் இருந்தால் ஸ்போர். ஒழுங்கில்லாமல் காம்பிலும் நரம்பிலும் ஒட்டியிருந்து, நகத்தால் தள்ளினால் பிசுபிசுத்தால் பூச்சி. மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே ஓலையில் மாலையில் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் சுருள் தளிர்களை ஒரே இரவில் தின்றுவிடும். டார்ச் அடித்துப் பொறுக்குவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குக் கிட்டவில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

10. இரண்டாவது புரட்டாசி

முதல் நல்ல மழை பெய்ததும் நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள். காய்ந்த ஓலைகளை வெட்ட இதுதான் நேரம். சுருள் தளிர்கள் ஒரு விரல் உயரம் வந்த பிறகு வெட்டினால் எது புதியது, எது பழையது என்று குழப்பம் இருக்காது. முடவாட்டுக்காலின் பழுப்புக் கிண்ண இலைகளை இப்போதும் தொடாதீர்கள்.

மீன்முள் பெரணி நெருங்கியிருந்தால் இந்த மாதத்திலேயே பிரித்துவிடலாம். மண்வெட்டி வேண்டாம்; கையால் ஓடுவேரைப் பின்தொடர்ந்து, மூன்று ஓலையும் இரண்டு கிழங்குமாவது உள்ள துண்டாகப் பார்த்துக் கத்தரியுங்கள். ஆறு அங்குலத் தொட்டியில் அதே மண்கலவையில் வைத்து மூன்று வாரம் நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். தளிர் விட்டதும் தரைக்கு மாற்றலாம். என் பாத்தியில் சென்ற முறை ஒன்பது துண்டுகள் தேறின. ஆறு வேப்பமரத்தடிக்குப் போயின. இரண்டு கிணற்று வீட்டுப் பெரியம்மாவுக்கு. ஒன்று கத்திரியில் துக்கம் விசாரித்தவருக்கு, ஒரு கலயத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.